சத்தம் எப்போது வருகிறது?

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் நம்மவர்கள் மூன்று விதமாக நடந்துகொள்வார்கள். முதல் வகையினர் பாட்டின் ஒலியைக் கூட்டி வைத்துவிடுவார்கள். இரண்டாவது வகையினர் நேரே ஒர்க்ஷாப்புக்குப் போய், "என்னமோ சத்தம் வருதுங்க, பாத்துருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்கள். மூன்றாவது வகையினர் பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்து நின்று இன்ஜினை முறைத்துப் பார்ப்பார்கள். முறைத்தால் அது பயந்துபோய்ச் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

இன்று நான் எழுத நினைப்பது நாலாவது வகையைப் பற்றி. சத்தம் எங்கே வருகிறது என்று தேடும் முன், எப்போது வருகிறது என்று கேட்கிறவர்கள் அவர்கள். இந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கார் அல்ல, பஞ்சாலை. அதனால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1974-ல் கோவையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். 2011-ல் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். முப்பத்தேழு வருஷத்தில் பாதிக்கு மேல் ரிங் ஃபிரேம் பிரிவில்தான் ஓடியது. ஒரு ஃபிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள். கொட்டகையில் வரிசை வரிசையாக ஃபிரேம்கள். எல்லாம் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. நாங்கள் பேசிக்கொண்டது கையாலும் உதட்டாலும்தான். "டீ குடிக்கலாமா" என்பதற்கு ஒரு சைகை, "சூப்பர்வைசர் வர்றார்" என்பதற்கு வேறு ஒரு சைகை. இரண்டாவது சைகை எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த இரைச்சலுக்குள் ஒரு பேரிங் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி கையில் எப்போதும் இரண்டடி நீள இரும்புக் கம்பி ஒன்று இருக்கும். ஒரு முனையை பேரிங் வீட்டின் மேல் வைப்பார், மறு முனையைக் காதின் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்வார். அரை நிமிஷம் கண்ணை மூடுவார். பிறகு, "இது இன்னும் ஒரு மாசம் தாங்கும், அடுத்தது தாங்காது" என்பார். பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

டாக்டர்கள் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் ஸ்டெதஸ்கோப்பும் இதே போலத்தான் ஆரம்பித்தது. 1816-ல் லெனெக் என்ற பிரெஞ்சு டாக்டர் ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். வெறும் காதை வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாக இருந்தது. வெளியே உள்ள சத்தத்தை ஒதுக்கி, வேண்டிய சத்தத்தை மட்டும் காதுக்குக் கொண்டுவர ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். அது காகிதமாக இருந்தால் என்ன, கம்பியாக இருந்தால் என்ன.

மேஸ்திரி கம்பியை எடுப்பதற்கு முன்னால் ஃபிரேம் ஓட்டுகிற பெண்ணிடம் போய்க் கேட்பார். "எப்பம்மா வருது? ஓட ஆரம்பிக்கறப்பவா, நூல் ரொம்பினதுக்கப்புறமா? காலைல வருதா, சூடானப்புறம் வருதா?" அதற்குப் பிறகுதான் கம்பி. நாள் முழுக்க அந்த மெஷினோடு நிற்கிறவருக்குத்தான் அது எப்போது குரலை மாற்றியது என்று தெரியும் என்பது அவர் கணக்கு.

கார் இன்ஜினுக்கும் இதே கணக்குத்தான். ஒரு உதாரணம் சொல்கிறேன். இன்ஜின் சும்மா ஓடும்போது கிராங்க் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் அதில் சரிபாதி, 450 சுற்றுதான் சுற்றும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் எல்லாவற்றிலும் இது மாறாது. ஆகவே "டிக் டிக் டிக்" என்று விரலால் தாளம் போடக்கூடிய அளவுக்கு நிதானமாக வந்தால் சந்தேகம் மேலே, வால்வுப் பக்கம். அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில், கனமாக "டொக் டொக்" என்று இடித்தால் சந்தேகம் கீழே, பிஸ்டன், கிராங்க் பக்கம். தாளமே இல்லாமல் ஒரே இழுப்பாக "கர்ர்ர்" என்று வந்தால் சுற்றுகிற ஏதோ ஒன்றின் பேரிங். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இந்தச் சத்தமும் கூடவே ஏறும். பானெட்டைத் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

சரி, இப்போது என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஆலையில் காதடைப்பான் தரவில்லை. சிலர் கையில் கிடைத்த பஞ்சைக் காதில் திணித்துக்கொள்வார்கள். பஞ்சுக்கா பஞ்சம்? ஆனால் சாதாரணப் பஞ்சு அந்த இரைச்சலைப் பெரிதாகத் தடுக்காது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதி இருக்கிறது. கொட்டகையில் அதை அளந்து பார்த்தவர்களை நான் பார்த்ததில்லை. தறிக்கூடத்தில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம்.

சில வருஷங்களுக்கு முன் மகள் வற்புறுத்தி காது பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக விட்டு, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். கோடு ஆரம்பத்தில் சமவெளியில் போகிறது. ஆயிரம் ஹெர்ட்ஸ் தாண்டியதும் இறங்குகிறது. நாலாயிரத்தில் ஒரு பள்ளம். பெரிய இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழுமாம். வயது வேறு மேலிருந்து தின்றுகொண்டு வருகிறது, அதுவும் கீச்சென்ற மேல்தாள ஒலிகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும்.

பரிசோதித்த பெண் என் மனைவியைப் பார்த்து விளக்கினார். "அம்மா, இவருக்கு நீங்க பேசறது கேக்கும். ஆனா என்ன பேசறீங்கன்னு புரியாது. அ, ஆ, ஓ எல்லாம் அடித்தாளம், அது காதுல விழும். ச, ஸ, ஃப மாதிரி எழுத்தெல்லாம் மேல்தாளம், அது விழாது."

என் மனைவி அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியில்தான் சொன்னாள். "நான் சொல்றது உங்களுக்குக் கேக்கப் பிடிக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க. எத்தனையோ வருசமா." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. வடவள்ளி வரும்வரை வண்டி மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

அந்த வண்டியைப் பற்றி இனி. 2004-ல் வாங்கிய மாருதி 800, வெள்ளை நிறம், ஏசி இல்லாத ஸ்டாண்டர்டு மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர். 1983 டிசம்பரில் இந்த வண்டி முதன்முதலில் வந்தபோது, "இது காரா, தீப்பெட்டியா" என்று ஆலை கேண்டீனில் சிரித்தோம். அம்பாசிடரும் பத்மினியும் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். என் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தேன், மறுபடி இன்னொரு ஐந்து வருஷத்துக்கும் புதுப்பித்தேன். சனிக்கிழமை மருதமலை, மாதம் ஒருமுறை பொள்ளாச்சியில் மகள் வீடு. அதற்கு இது போதும்.

போன மழைக்காலத்தில் வண்டியில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. எனக்கு அது ஒரு மங்கலான முனகலாகத்தான் கேட்டது. காது மெஷினை மாட்டிக்கொண்டு பானெட் பக்கம் போனால் ஃபேன், இன்ஜின், தெரு நாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது, ஒன்றும் பிரிபடவில்லை. மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தவன், நல்ல இடமாகப் பார்த்து வண்டியைக் கொண்டுபோய் விட்டான். மறுநாள் போன் வந்தது. "கிராங்க் பேரிங் போயிருக்குங்க சார். இன்ஜின இறக்கணும். முப்பத்திரண்டாயிரம் ஆகும். உள்ள பாத்தா இன்னும் கூடலாங்க."

வண்டியை விற்றால்கூட அதற்குமேல் பெரிதாக வராது. மகன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "வித்துருங்கப்பா. வேணும்னா டாக்ஸி கூப்பிட்டுக்கலாம். உங்க காதுக்கும் இனி ஓட்டறது அவ்வளவு நல்லதில்லை."

கடைசி வாக்கியம்தான் என்னைக் குத்தியது. இன்ஜின் போனதா, என் காது போனதா, இரண்டில் எதற்காக வண்டியை விற்கப் போகிறோம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பணம் கட்டாமல் வண்டியைத் திருப்பி எடுத்து வந்தோம்.

அன்று சாயங்காலம் போர்டிகோவில் வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, மனைவியைக் கூப்பிட்டேன். "உனக்கு என்ன கேக்குது, சொல்லு."

அவள் காதைச் சாய்த்தாள். "நம்ம பழைய கிரைண்டர் பேரிங் போனப்ப வந்துச்சே, அதே சத்தமுங்க."

கோவையில் வெட் கிரைண்டர் இல்லாத வீடு உண்டா? எங்கள் ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. முப்பது வருஷம் அதனோடு குடித்தனம் நடத்தியவள் சொன்னால் அதை லேசில் தள்ள முடியாது. மேஸ்திரியின் கேள்வியைக் கேட்டேன். "எப்ப வருது?"

"எப்பவும் இருக்குதுங்க. ஆனா மகன் கூட அன்னிக்கு ராத்திரி பொள்ளாச்சில இருந்து வந்தமே, அப்ப ஜாஸ்தியா இருந்துச்சு."

"ராத்திரி ரோடு அமைதியா இருக்கும், அதனால அப்படித் தோணும்."

"இல்லீங்க. கிணத்துக்கடவுல டீ குடிக்க நிறுத்தினப்ப லைட்ட அணைச்சான். சத்தமும் கொறைஞ்சுது."

நான் கையை நீட்டி ஹெட்லைட்டைப் போட்டேன். "இப்ப?"

"ஏறுச்சு."

அணைத்தேன். "எறங்கிருச்சுங்க."

நாலு தடவை போட்டு அணைத்துப் பார்த்தோம். நாலு தடவையும் அவள் சரியாகச் சொன்னாள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், நான் எப்போது போடுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். ஹெட்லைட் போட்டால் பாரம் கூடுவது ஆல்டர்னேட்டருக்கு. எங்கள் பக்கம் இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்வார்கள். கரன்ட் அதிகம் கேட்டால் அது சுற்றுவதற்குக் கஷ்டப்படும், பெல்ட் அதை இன்னும் இறுக்கி இழுக்கும், கெட்டுப்போன பேரிங் அப்போது இன்னும் சத்தமாக அழும். கிராங்க் பேரிங் போனால் சத்தம் வேறு மாதிரி. அது இடிக்கும். மேட்டில் ஏறும்போது, ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது கனமாக இடிக்கும். ஆயில் விளக்கும் மினுக்கிக் காட்டக்கூடும். எங்கள் வண்டியில் இடியும் இல்லை, விளக்கும் எரியவில்லை. ஒர்க்ஷாப்பில் பட்டப்பகலில் கேட்டார்கள், ஹெட்லைட் போட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

சந்தேகத்தை உறுதி செய்ய இரண்டு வழி உண்டு. முதலாவது கம்பி. என்னிடம் ஒன்றரை அடி நீளமான ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. சுற்றாத பாகத்தின் மேல் மட்டும் முனையை வைக்க வேண்டும். தண்ணீர் பம்பின் உடம்பில் வைத்தேன், மென்மையாக இருந்தது. ஆல்டர்னேட்டர் உடம்பில் வைத்தேன். காதில் விழுந்ததைவிடக் கையில் அதிகம் தெரிந்தது, மணலை அரைப்பது போல ஒரு நறநறப்பு. என் காது எடுத்துக்கொள்ளாததை என் விரல் எடுத்துக்கொண்டது. மனைவிக்கு ஒரு மூன்றடி ரப்பர் ஹோஸ் கொடுத்தேன். ஒரு முனை காதில், மறு முனையை ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். ஆல்டர்னேட்டர் பக்கம் வந்ததும் ஹோஸைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டாள். அவ்வளவு சத்தம்.

இரண்டாவது வழி பெல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது. என் வண்டியில் ஒரே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுகிறது. மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். சத்தம் சுத்தமாக இல்லை. அரை நிமிஷத்தில் அணைத்துவிட்டேன். பம்ப் சுற்றாமல் இன்ஜினை ஓட விடக்கூடாது, கொதித்துவிடும். பிறகு இரண்டு கப்பிகளையும் கையால் சுற்றிப் பார்த்தேன். பம்ப் வழுவழு என்று சுற்றியது. ஆல்டர்னேட்டர் கல்லில் உரசுவது போலச் சுற்றியது.

இனி வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். சாவியை எடுத்துவிட்டாலும் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். ஸ்பேனர் அதில் பட்டு பாடியிலும் பட்டால் தீப்பொறி தெறிக்கும். ஒயர்களைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தேன், திரும்ப மாட்டும்போது நினைவை நம்ப வேண்டியதில்லை. இரண்டு போல்ட், ஒரு இழுப்பு, கையில் வந்துவிட்டது. பேரிங்கை உருவுவதற்குப் புல்லர் வேண்டும், அது என்னிடம் இல்லை. சுத்தியலால் தட்டி எடுக்கிற வேலை எனக்கு ஆகாது. அதனால் பக்கத்தில் இருக்கும் செல்ஃப் டைனமோ ஒர்க்ஸுக்கு எடுத்துப் போனேன். அந்தப் பையன் பழைய பேரிங்கைக் கையில் கொடுத்து, "சுத்திப் பாருங்கய்யா" என்றான். கிரீஸ் காய்ந்து கருத்துப்போய் இருந்தது. பேரிங் மேலேயே எண் பொறித்திருக்கும், அதைக் காட்டினால் காந்திபுரத்தில் எந்த பேரிங் கடையிலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் மாற்றினோம். பெல்ட்டும் வெடித்திருந்ததால் புதிது. எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.

பெல்ட்டை மாட்டும்போது ஒரு கவனம் வேண்டும். தளர்வாக இருந்தால் வழுக்கிக் கீச்சிடும். அதற்குப் பயந்து விறைப்பாக இழுத்துக் கட்டினால் புது பேரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று போட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள்.

அன்று சாயங்காலம் ஹெட்லைட் போட்டுப் போர்டிகோவில் வண்டியை ஓடவிட்டேன். மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "இல்லீங்க, போயிருச்சு" என்றாள். முன்னும் பின்னும் எனக்கு அது பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் ஸ்க்ரூடிரைவர் வழியாகக் கைக்குத் தெரிந்தது.

வாசகர்களில் சிலருக்குப் பயன்படும் என்பதால் வேறு சில சத்தங்களையும், "எப்போது" என்ற கேள்வியோடு சேர்த்து எழுதி வைக்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கீச்" என்று கத்தி, கொஞ்ச நேரத்தில் அடங்கினால், அதுவும் மழை நாளில் என்றால், பெரும்பாலும் பெல்ட். குளிர்ந்த இன்ஜினில் "டப் டப்" என்று காற்று கசிவது போல வந்து, சூடானதும் குறைந்தால் சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கசிவு இருக்கலாம், சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் முன் சக்கரத்தில் "கடக் கடக்" என்றால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி மூட்டு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு, அது நாற்பது தடவை சொல்லிக் காட்டும். வேகத்தோடு "ஊம்ம்" என்று ஏறி, இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலும் குறையாமல், வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். பிரேக் மிதிக்கும்போது இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மேட்டில் கியர் மாற்றாமல் இழுக்கும்போது கோலிக் குண்டு குலுக்குவது போல வந்தால் சிலிண்டரில் பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிக்கிறது. கீழ் கியருக்கு வந்ததும் நின்றால் அடுத்த தடவை சீக்கிரமே கியரைக் குறையுங்கள். அப்படியும் தொடர்ந்து வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடாதவையும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கவேண்டாம். ஸ்டாண்ட் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டைக் கொடுத்த பிறகுதான் எதுவும். வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் ஓடும் பெல்ட் பக்கம் போகக்கூடாது, நான் இந்த வேலைக்கென்று ஒரு பழைய பேன்ட் வைத்திருக்கிறேன். மனைவி ஹோஸ் பிடிக்கும்போது தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, முனையைச் சுற்றுகிற பாகத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பாள். கதவு மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள், அந்தப் புகைக்கு வாசனை தெரியாத விஷமும் உண்டு. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். டைமிங் பெல்ட், பிரேக் ஆயில் இரண்டும் தெரிந்தவர் கையில் இருக்கட்டும்.

மகன் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லையே. வண்டி பிழைத்தது சரி, அந்தக் காதோடு ஓட்டலாமா? இதைக் காது டாக்டரிடமே கேட்டேன். மெஷின் போடாமல் ஓட்டாதீர்கள், கண்ணாடிகளை முன்னைவிட அதிகம் பாருங்கள், இருட்டிய பின் ஓட்டுவதைக் குறையுங்கள் என்றார். ஒப்புக்கொண்டேன். பொள்ளாச்சிக்குப் பகலில் மட்டும்தான் இப்போது போகிறோம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் யாராவது ஹார்ன் அடித்தால் என் முழங்கையை இரண்டு தட்டு தட்டுவாள். ஆம்புலன்ஸ் என்றால் மூன்று தட்டு. ரிங் ஃபிரேம் கொட்டகையில் நாங்கள் பேசிய பாஷை மாதிரிதான் இதுவும். அவள் தட்டாமலே ஓட்ட வேண்டிய நாள் வந்தால் சாவியை மகனிடம் கொடுத்துவிடுவேன், அவனிடம் அப்படியே சொல்லியும் வைத்திருக்கிறேன்.

வீட்டிலும் கொஞ்சம் மாறியிருக்கிறது. அவள் இப்போதெல்லாம் அடுக்களையிலிருந்து பேசுவதில்லை. எதிரில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தாலே எனக்குப் பாதி புரிந்துவிடுகிறது, ஆலை கொடுத்த பழக்கம்.

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து பேத்தி வந்திருந்தாள், எட்டு வயது. காரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்பச்சி, உங்க கார்ல விசில் அடிக்குது" என்றாள். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனைவிக்கும் கேட்டதாம்.

ஓரமாக நிறுத்திவிட்டு, "எப்ப அடிக்குது கண்ணு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "நீங்க தலையைத் திருப்பி அம்மிச்சியப் பாக்கறப்ப."

தலையைத் திருப்பிக் காட்டினேன். "ஆமா, இப்பவும் அடிச்சுச்சு!" என்றாள். இன்ஜின் அணைந்துதான் இருந்தது. சீட்டின் தலைச்சாய்ப்பில் காது உரசும்போதெல்லாம் என் காது மெஷின் விசில் அடித்திருக்கிறது. காதில் சரியாக உட்காராவிட்டால் அது அப்படித்தான் கத்துமாம். திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்டினோம். உள்ளே வைக்கும் ரப்பர் முனையை ஒரு அளவு பெரிதாக மாற்றிக் கொடுத்தார்கள்.